கடல் வற்றிக் கிடந்த அமாவாசை: ‘உள்வாங்கல்’ படம் எடுத்த கதை

படம் முடிந்துவிட்டது. 17 நிமிடம் 20 விநாடி. பெயர் ‘உள்வாங்கல்’. கடலோரக் கம்பம் (கிராமம்) ஒன்றில் கடலைக் கும்பிடும் ஒரு மர்மக் கூட்டம். அங்கே வேலைக்கு வருகிற ஒரு டீச்சர். அவளைச் சேற்றில் கம்பத்தில் கட்டிவிட்டுத் தண்ணீர் ஏறக் காத்திருக்கிறார்கள். கதை அவ்வளவுதான். ஐந்து மாதம், நான்கு நாள் படப்பிடிப்பு, 14 பேர், 2,392 மலேசிய வெள்ளி செலவு. முதலில் போட்ட கணக்கு 1,500 வெள்ளி. மீதிக்குக் கூட்டுப் பணம் (சீட்டு) எடுத்தேன். என்ன செய்தோம், எங்கே தப்பு நடந்தது என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

நான் இருப்பது மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பந்திங்கில். எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனை. நான் பிறந்த தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்தது, பிறகு லயன் வீடுகளும் போயின. ஆனால் இருபது நிமிடம் காடி ஓட்டினால் மோரிப் கடற்கரை. சின்ன வயதில் தோட்டத்து லோரியில் ஏறிப் பிக்னிக் போவோம். சில நாள் கடல் காலடியில் இருக்கும். சில நாள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சேறுதான். அந்த வெறும் சேறு எனக்கு அப்போதே பயம். கடல் எங்கே போனது, எப்போது திரும்பி வரும் என்று யாரும் சொன்னதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு ‘கடல் உள்வாங்கியது’ என்று கேட்டாலே தமிழர்களுக்கு வயிறு கலங்கும். படத்தின் பெயர் அங்கிருந்து வந்தது.

எழுத்தில் ஆரம்பித்த முதல் தப்பைச் சொல்லிவிடுகிறேன். என் முதல் கதையில் அந்தக் கூட்டம் உறுமி அடித்தது, கரகம் எடுத்தது, நெற்றி நிறைய விபூதி பூசியது. உறுமி சத்தத்துக்கு இங்கே எல்லோருக்கும் உடம்பு சிலிர்க்கும், அதை இலவசமாக வாங்கிக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். கோயில் தலைவரிடம் மண்டபத்தில் ஒத்திகை பார்க்க அனுமதி கேட்கப் போனேன். கதையைக் கேட்டுவிட்டு, “தம்பி, மண்டபம் எடுத்துக்க. நம்ம சாமிய பேயாக்காத” என்றார். வீட்டுக்கு வந்து யோசித்தேன். அவர் சொன்னது சரி. தோட்டத்தில் வேறு எதுவும் இல்லாத காலத்தில் மரத்தடியில் கல்லை நட்டுக் கும்பிட்டு நிமிர்ந்தவர்கள் நம் ஆட்கள். அதை எடுத்துப் பயமுறுத்தும் பொருளாக்குவது எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் வெட்டினேன்.

முகமூடிக்கும் இதே கேள்வி வந்தது. கேரித்தீவு எங்களுக்குப் பக்கம். அங்கே மா மெரி பூர்வகுடி மக்கள் செதுக்கும் மர முகமூடிகளைப் பார்த்திருக்கிறோம், அற்புதமான வேலை. அதைப்போலச் செய்யலாம் என்று ஒரு தம்பி சொன்னான். அவர்களுடைய கடல் வழிபாடு இன்றும் நடக்கிறது. அந்த முகங்கள் அவர்களுடைய முன்னோர் சம்பந்தப்பட்டவை. நம் சாமிக்குச் சொன்ன நியாயம் அவர்களுக்கும் உண்டு. அதனால் எந்த மக்களுடையதாகவும் இல்லாத ஒரு முகத்தை நாங்களே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

கிடைத்தது பன்னாடை. தென்னை மட்டையின் அடியில் சுற்றியிருக்கும் வலை. வேலியோரத் தென்னைகளில் இரண்டு சாக்கு சேர்ந்தது, காசு இல்லை. ஓர் இரவு ஊறவைத்து, மாவு பிசையும் பிளாஸ்டிக் சட்டியைக் கவிழ்த்து அதன்மேல் இழுத்துக் கட்டி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்தோம். வெள்ளைப் பசையும் தண்ணீரும் சரிபாதி கலந்து இரண்டு பூச்சு. முதல் இரண்டு முகமூடிகளில் கண்ணுக்கு ஓட்டை வெட்டினேன், பள்ளிக்கூட மாறுவேடப் போட்டி மாதிரி ஆகிவிட்டது. மூன்றாவதில் வெட்டாமல் விட்டேன். வலை வழியாக உள்ளே இருப்பவருக்கு வெளியே தெரிகிறது, வெளியே இருப்பவருக்குக் கண் தெரியவில்லை. நிழலில் பார்த்தால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் பழைய கூடு ஒன்று இருப்பது போல. செய்தவன் எனக்கே முதுகு சில்லென்றது. நார் குத்தும், அதனால் உள்பக்கம் பழைய கைலித் துணி ஒட்ட வேண்டும்.

அங்கிக்கு முதலில் உரச்சாக்குகளைப் பிரித்துத் தைத்தோம். நடந்தால் சரசரவென்று சத்தம், வெளிச்சம் பட்டால் பளபளப்பு. தூக்கிப் போட்டுவிட்டு காடாத் துணி 30 மீட்டர் வாங்கினேன், மீட்டர் 4 வெள்ளி 50 காசு. தேயிலைத் தூளைக் கொதிக்கவைத்து முக்கிப் பழுப்பாக்கினோம். எவ்வளவு கறுக்கிறதோ அவ்வளவு நல்லது என்று நினைத்து மூன்று முறை முக்கியது பின்னால் தொல்லையாக வந்தது.

முதல் படப்பிடிப்பு அமாவாசை இரவு. பாட்டி எப்போதும் சொல்வார், “அமாவாசைக்குக் கடல் கரையேறும்டா.” அதை நம்பி நாள் குறித்தேன். ஜெனரேட்டர் வாடகை 150, பெட்ரோல் 30. லோரிக்குப் போடும் எல்இடி விளக்குப் பட்டை இரண்டு, 70 வெள்ளி. இரவு பத்து மணிக்கு மோரிப்புக்குத் தெற்கே ஒரு ஆளில்லாத கரையில் இறங்கினோம். நள்ளிரவில் தண்ணீர் ஏறும்போது எடுக்கலாம் என்று திட்டம். பன்னிரண்டு மணிக்குப் பார்த்தால் கடல் இல்லை. சத்தம்கூட இல்லை. இரண்டு விளக்கையும் கடல் பக்கம் திருப்பினோம். பதினைந்து மீட்டர் சேறு, அதற்கப்பால் இருட்டு. ஒரு மணி வரை காத்திருந்தோம். கேமராவில் பதிந்ததெல்லாம் கறுப்பு, அதில் புள்ளி புள்ளியாக இரைச்சல், கூடவே ஜெனரேட்டர் சத்தம். திரும்பும்போது வேனை மணல் என்று நம்பித் திருப்பினேன், பின் சக்கரம் இரண்டும் புதைந்தன. மேலே அரை அடி மணல், கீழே களி. 1945 செப்டம்பர் 9ஆம் தேதி ஜப்பானியரிடமிருந்து மலாயாவை மீட்க வந்த பிரிட்டிஷ் இந்தியப் படை மோரிப்பில்தான் இறங்கியது. அவர்களுடைய வண்டிகளும் இப்படித்தான் சிக்கின. நினைவுச் சின்னத்தைப் பலமுறை பார்த்தும் அந்தப் பாடம் எனக்கு உறைக்கவில்லை. லோரிக்கார அண்ணன் வந்து இழுத்துவிட விடிந்துவிட்டது.

அந்த விடியற்காலையில்தான் படத்துக்கு உயிர் வந்தது. ஆறு மணி வாக்கில், நாங்கள் சேற்றோடு உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பத்தடி தள்ளிக் கடல் நின்றது. பாட்டி சொன்னது பொய்யில்லை. நேரத்தைத்தான் நான் கேட்கவில்லை.

படகு கட்ட வந்த மலாய்க்காரப் பாக்சிக் (பெரியவர்) ஒருவர் எங்களைப் பார்த்து நின்றார். பிறகு உட்கார்ந்து விளக்கினார். இந்தக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் தண்ணீர் நிறைவது காலை ஆறு, மாலை ஆறு வாக்கில். வற்றுவது நண்பகலிலும் நள்ளிரவிலும். நாளுக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். கிள்ளான் துறைமுக அட்டவணையைப் பார்த்தால் எல்லாம் இருக்கிறது. அடுத்து அவர் சொன்னதை உடனே கைப்பேசியில் குறித்துக்கொண்டேன். தண்ணீர் ஒரே வேகத்தில் ஏறாது. வற்றிய நிலையிலிருந்து நிறைவதற்கு ஆறு மணி நேரம் என்றால், மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக வைத்துக்கொள். முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் மூன்று, நான்காவதில் மூன்று, ஐந்தாவதில் இரண்டு, கடைசியில் ஒன்று. மாலுமிகள் காலங்காலமாக வைத்திருக்கும் கணக்கு.

ஒண்ணு, ரெண்டு, மூணு, மூணு, ரெண்டு, ஒண்ணு.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். அந்தக் கூட்டத்துக்கு மந்திரம் இல்லையே என்று இரண்டு வாரமாகத் தவித்துக்கொண்டிருந்தேன். இதுதான் மந்திரம். யாருடைய சாமியும் இதில் இல்லை. வெறும் எண்கள், ஆனால் நடுவில் வரும் இரண்டு ‘மூணு’க்குள் ஆள் மூழ்கிவிடுவான். கதையை முதலிலிருந்து மாற்றி எழுதினேன். டீச்சர் கணக்கு டீச்சர் ஆனாள். கம்பத்துப் பிள்ளைகள் வகுப்பில் ஆறு எண்ணைத் தப்பாகச் சொல்கிறார்கள், அவள் திருத்துகிறாள். அவர்கள் சொன்னது எதன் கணக்கு என்பது அவளுக்குக் கடைசியில் புரிகிறது.

அடுத்த பௌர்ணமிக்கு கேமரா இல்லாமல் நான்கு பேர் போனோம், அளவு எடுக்க மட்டும். நண்பகல் வற்றத்தில் கரையிலிருந்து கடல் பக்கமாக ஐந்து மூங்கில் குச்சிகளை நட்டு, ஒவ்வொன்றையும் தண்ணீர் தொட்ட நேரத்தைக் குறித்தோம். நான்காவது குச்சி எங்களுக்குத் தோதாக இருந்தது. படப்பிடிப்பு நாளின் அட்டவணைப்படி குறைந்த மட்டம் 0.7 மீட்டர், 12:20க்கு. உயர்ந்த மட்டம் 5.1 மீட்டர், 6:25க்கு. ஏற்றம் 4.4 மீட்டர். மூன்றாவது மணியிலும் நான்காவது மணியிலும் தலா 1.1 மீட்டர், அதாவது 10 செ.மீ. ஏற ஐந்தரை நிமிடம். நான்காவது குச்சியைத் தண்ணீர் தொடும்போது மணி இரண்டரை, நெஞ்சளவு ஏறும்போது மூன்றே முக்கால்கூட ஆகாது. இந்த ஒரு தாள் கையில் இருந்ததால் பிறகு எல்லாவற்றையும் திட்டமிட முடிந்தது. மொத்தப் படத்திலும் காசு செலவில்லாமல் கிடைத்த சாமான் பன்னாடைக்கு அடுத்து இதுதான்.

மாலையில்தான் தண்ணீர் ஏறும் என்றால் இரவுக் காட்சியைப் பகலில் எடுக்க வேண்டும். பழைய முறைதான். வெளிச்சத்தைக் குறைத்துப் பதிந்து, நீல நிறத்தை ஏற்றி, வானம் சட்டகத்துக்குள் வராமல் பார்த்துக்கொண்டால் பகல் இரவாகிவிடும். நம் மேற்குக் கரையில் ஒரு வசதி உண்டு. பிற்பகலில் சூரியன் கடல் பக்கம் இறங்கும். நான் கரையில் நின்று கடலைப் பார்த்து எடுத்தால் வெயில் நடிகர்களின் முதுகில் விழும், ஈரச் சேற்றில் தகதகக்கும். திரையில் அது நிலா வெளிச்சம்.

அடுத்தது கம்பம். மரக் கம்பம் கனம், சேற்றில் தூக்கிப் போக ஆள் பத்தாது என்று நாலு அங்குல பிளாஸ்டிக் பைப் வாங்கினேன். 6 மீட்டர் நீளம், 58 வெள்ளி. அதில் இரண்டே முக்கால் மீட்டர் வெட்டி, அரத்தால் நீளவாக்கில் கீறி, பழுப்பும் கறுப்பும் பூசினால் பாக்காவ் (அலையாத்தி) மரம் போலவே இருந்தது. மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் இரண்டு பக்கமும் மூடி போட்டு ஒட்டினேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு. சேற்றில் முக்கால் மீட்டர் புதைத்தோம். மேலே நின்ற பகுதியில் 10 செ.மீ.க்கு ஒரு வெள்ளைக் கோடு, எந்த நேரத்தில் எந்த ஷாட் என்று பார்க்க. படத்தில் அந்தக் கோடுகள் கூட்டம் வைத்த அடையாளமாகவே வரும்.

இரண்டாவது படப்பிடிப்பு நன்றாகத்தான் தொடங்கியது. டீச்சராக நடித்தது என் சித்தி மகள். நன்றாக நீந்துவாள், அதனால்தான் அவளைக் கேட்டேன். கயிறு முன்பக்கம் நிஜக் கயிறு, பின்பக்கம் ஒட்டுப்பட்டை, கையை உதறினால் பிரிந்துவிடும். பாக்சிக்கின் படகு பத்து மீட்டரில், ஒரு நாளுக்கு 150 வெள்ளி. தண்ணீர் இடுப்பைத் தாண்டியதும் கம்பம் அசைந்தது. ஏழாவது கோடு, எட்டாவது கோடு. ஒன்பதாவது வரும் நேரம் சேற்றுக்குள்ளிருந்து பெரிய பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம், கம்பம் மேலே எழும்பிச் சாய்ந்து மிதந்தது. உள்ளே காற்று, இரண்டு பக்கமும் அடைப்பு. மிதவையைச் செய்து நட்டு வைத்திருக்கிறேன். அவள் உடனே கையை விடுவித்துக்கொண்டாள், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைய வேலை அதோடு நின்றது.

அன்று இரவு பதிவுகளைப் பார்த்தபோது இன்னும் மூன்று தப்பு தெரிந்தது. வெயிலைச் சமாளிக்க ஷட்டரை 1/800 வரை ஏற்றியிருந்தேன். அலைகள் வெட்டி வெட்டி ஓடின, தண்ணீரின் கனம் போய்விட்டது. தேயிலை அங்கிகள் நீல நிறம் ஏற்றியதும் கரிக்கட்டையாகி, பின்னால் இருந்த சேற்றோடு கலந்து காணாமல் போயின. வெள்ளைப் பசை உப்புத் தண்ணீரில் கரைந்து முகமூடிகளில் பால் வடிந்தது போல வழிந்திருந்தது.

சரிசெய்ய மூன்று வாரம். பைப்பின் மூடிகளைக் கழற்றினேன். அடியில் இரண்டடிப் பலகையைக் குறுக்கே வைத்து நட்டு போட்டு முடுக்கினேன், சேற்றுக்குள் நங்கூரம் மாதிரி இருக்க. அடிப்பகுதி முழுவதும் அரை அங்குல ஓட்டைகள், தண்ணீர் உள்ளேயும் புறத்தேயும் ஒரே மட்டத்தில் இருக்க. நட்ட பிறகு மேல் வழியாக மணலைக் கொட்டி நிரப்பினோம். பலகைக்கு 24 வெள்ளி. அங்கிகளை குளோரின் கலந்த தண்ணீரில் அலசி வெளிர் மஞ்சளுக்குக் கொண்டுவந்தோம். பகலை இரவாக்கும்போது உடை வெளிறியே இருக்க வேண்டும், இருட்டை நிறத்திருத்தம் கொண்டுவந்துவிடும். முகமூடிக்கு மேலே வார்னிஷ் ஒரு பூச்சு, 19 வெள்ளி. லென்சுக்கு வெளிச்சம் குறைக்கும் என்டி 64 வடிகட்டி, 65 வெள்ளி. இதன் பிறகு அளவுகள் நிலையாக நின்றன: நொடிக்கு 25 சட்டகம், ஷட்டர் 1/50, ஐஎஸ்ஓ 100, எஃப் 5.6, வெள்ளைச் சமன் 3200. சரியான வெளிச்ச அளவைவிட இரண்டு படி குறைவு. இப்போது கேட்டால் ஒன்றரை படி போதும் என்பேன். முகத்தில் நிழல் விழுந்த இடங்களைப் பிறகு தூக்கியபோது இரைச்சல் வந்தது.

மூன்றாவது படப்பிடிப்பு அடுத்த அமாவாசைக்கு மறுநாள். எட்டடி ஏணியைக் கம்பத்திலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி, கால்களுக்கு அடியில் பலகை வைத்து நிறுத்தினோம். இரண்டு பேர் பிடிக்க, நான் மேலே ஏறிக் கீழ்நோக்கி எடுத்தேன். வானம் சட்டகத்துக்குள் வரவே இல்லை. கூட்டமாக நடித்த ஒன்பது பேரில் ஐந்து பேருக்கு நீச்சல் தெரியாது. அங்கிக்குள் உயிர்காப்பு உடை போடச் சொன்னேன். ஆரஞ்சு நிறம் துணி வழியாகத் தெரிந்ததால் மேலே கறுப்புக் குப்பைப் பையைச் சுற்றினோம். போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். கழுத்து உள்ளே போய், தோளும் முதுகும் புடைத்து, மனித உருவம் மாதிரியே இல்லை. பாதுகாப்புக்காகச் செய்தது இவ்வளவு நன்றாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பிறகு நீந்தத் தெரிந்தவர்களுக்கும் போட்டுவிட்டோம்.

ஒரு கோட்டுக்கு ஒரு ஷாட். ஐந்தரை நிமிடத்தில் இடம் மாற்றி, ஃபோகஸ் பார்த்து, இரண்டு முறை எடுக்க முடிந்தது. மண்டோர் (தோட்டத்து மேற்பார்வையாளர்) தாத்தா கூட்டத்தின் தலைவர். ஓய்வு பெற்றவர், நாற்பது வருடம் பெரட்டில் (காலை ஆள் கணக்கெடுப்பில்) பெயர் கூப்பிட்டுப் பழகிய குரல். அந்தக் குரலில் அவர் “மூணு” என்று சொல்ல, ஒன்பது பேரும் ஓரடி முன்னால் வைப்பார்கள். தண்ணீர் சத்தமே இல்லாமல் ஏறியது. அலை இல்லை, நுரை இல்லை, கோடுகள் மட்டும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. சித்தி மகள் நடிப்பதை விட்டுவிட்டுக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம்தான் படத்தில் இருக்கிறது. பன்னிரண்டாவது கோட்டில், 1.2 மீட்டரில், நிறுத்தினேன். எவ்வளவு நன்றாக வந்தாலும் அதற்குமேல் ஒரு ஷாட்கூட இல்லை என்று முன்பே எழுதிவைத்திருந்தோம். கம்பம் அசையவில்லை.

கூட்டத்தின் கையில் பந்தங்கள் வேண்டும் என்று மஞ்சள் எல்இடி விளக்குகள் பன்னிரண்டும் பேட்டரியும் வாங்கியிருந்தேன், 96 வெள்ளி. மண்ணெண்ணெய்ப் பந்தம் கடற்காற்றில் யார் மேல் சாயும் என்று தெரியாது, நாரும் துணியும் அங்கே, அதனால் நெருப்பே வேண்டாம் என்று முடிவு. ஆனால் வெயிலில் அந்த விளக்குகள் எரிகிறதா என்றே தெரியவில்லை. பேசாமல் பையில் போட்டுவிட்டு, சூரியன் இறங்கிய பிறகு ஏழு இருபதிலிருந்து இருபது நிமிடம் கரையில் நின்று எடுத்தோம். நிறைந்த கடல் அப்போதும் ஏறக்குறைய அதே மட்டத்தில் இருந்தது, வற்றத்தின் முதல் மணியில் ஒரே ஒரு பங்குதானே குறையும். நீல வெளிச்சம், மஞ்சள் விளக்கு, கம்பம் இருந்த இடத்தில் வெறும் தண்ணீர். நிறத்திருத்தம் எதுவும் தேவைப்படாத ஒரே காட்சி அது.

தலை மூழ்கும் ஷாட்டை வீட்டுக்குப் பின்னால் நீலப் பிளாஸ்டிக் டிரம்மில் எடுத்தோம். உள்ளே கறுப்புப் பிளாஸ்டிக் விரித்து, தேத்தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் அசல் மோரிப் தண்ணீர். இரத்தம் காய்ச்சிய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: ரோஸ் சிரப், சோளமாவு, கொக்கோ தூள். சாதாரண வெளிச்சத்தில் அருமை. நீல நிறத்தில் கறுப்பு. அரை மணியில் கெரெங்கா எறும்பு மொய்த்தது. 27 வெள்ளி போனது, படத்தில் ஒரு சொட்டு இரத்தம் இல்லை. இல்லாததே நல்லது.

நான்காவது நாள் வகுப்பறையும் வீடும். ஒரு சங்கதி சொல்ல வேண்டும். முதல் ஒத்திகைப் பதிவில் குழல் விளக்கின் கீழ் எடுத்ததெல்லாம் பட்டை பட்டையாக மினுங்கியது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நான் சினிமா மாதிரி இருக்கட்டும் என்று 24 சட்டகத்தில், ஷட்டரை 1/60க்கு வைத்திருந்தேன். 25 சட்டகம், 1/50 என்று மாற்றியதும் நின்றது. வீட்டுக்குள் எடுப்பவர்கள் இதை முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

ஒலிக்கு நான் அதிகம் பாடுபட்டேன். கடற்கரையில் பதிந்த பேச்சு ஒன்றும் தேறவில்லை, எல்லாம் காற்று. பொம்மைக் கடையில் 12 வெள்ளிக்கு ரோமத் துணி வாங்கி ஒலிப்பதிவுக் கருவிக்குக் குல்லாய் தைத்த பிறகு கொஞ்சம் கேட்டது. வசனம் முழுவதையும் வேனுக்குள் போர்வைகளைத் தொங்கவிட்டு மறுபடி பதிந்தோம். எண் சொல்வதை ஒன்பது பேரும் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் இடம் மாறி நின்று சொன்னார்கள். ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஒரு ஊரே சொல்வது போல இருக்கிறது. கடலின் குரல் என்னவென்று கடைசி வரை தெரியவில்லை. அளவெடுக்கப் போன நாளில் கருவியைச் சேற்றின் மேல் மறந்து வைத்துவிட்டு வந்த பதிவு ஒன்று இருந்தது. அதில் டக், டக் என்று இடைவிடாமல் சொடக்குச் சத்தம். சேற்றுக்குள் ஒருவகைச் சிறு இறால் நகத்தைச் சொடுக்குவதாம், பாக்சிக் சொன்னார். அதைக் கால் பங்கு வேகத்துக்குக் குறைத்தேன். ஏதோ ஒன்று அடியில் இருந்து பதில் எண்ணுவது மாதிரி வந்தது. அன்று இரவு தூங்கவில்லை, சந்தோஷத்தில்.

வெட்டித் தொகுத்தது டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பில். என் மடிக்கணினிக்கு 8 ஜிபிதான், சிறிய நகல்களை உருவாக்கி வைத்து வேலை செய்தால் ஓடுகிறது.

பணத்தில் பெரும் பங்கு சாப்பாட்டுக்கு, 610 வெள்ளி. அதில் ஒரு வெள்ளிகூடக் குறைக்க மாட்டேன். சேற்றில் ஆறு மணி நேரம் நிற்பவர்களுக்கு ஒட்டுக்கடை நாசி லெமாக் மட்டும் வாங்கிக் கொடுத்தது முதல் நாள் தப்பு. மூன்றாம் நாள் அத்தை கோழிக் கறியோடு சமைத்து அனுப்பினார், வேலை வேறு மாதிரி நடந்தது. படகுக்கு 300, ஒலிக் கருவி பழையது 280, வன்தட்டு 199, பெட்ரோல் 240. வீணானது என்றால் ஜெனரேட்டரும் விளக்குப் பட்டைகளும், 250. அடுத்த முறை கதை எழுதுவதற்கு முன்பே இடத்தில் ஒரு முழு நாள் உட்கார்ந்திருப்பேன், தண்ணீர் ஒரு முறை ஏறி இறங்கும் வரை. இரண்டாவது கேமரா ஒன்று கரையில் வேண்டும், ஏணியிலிருந்து பார்த்தால் தூரம் தெரிவதில்லை. அப்புறம், எல்லாச் சாமானையும் அன்றிரவே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். ஏணியின் கீல் துருப்பிடித்துவிட்டது, சொந்தக்காரருக்குப் புதுக் கீல் போட்டுக் கொடுத்தேன்.

போன சனிக்கிழமை நடித்தவர்களையும் அவர்கள் வீட்டாரையும் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினோம். இரவல் புரொஜெக்டர், சுவரில் வெள்ளைப் போர்வை. பாட்டி முன்வரிசையில். கம்பக் காட்சி வந்தபோது யாரும் கத்தவில்லை. நான் கொஞ்சம் பயந்துபோனேன். மண்டோர் தாத்தா திரையில் “ரெண்டு” என்றார். கூடத்தில் எங்கோ ஒரு சின்னப் பெண் மெதுவாக “மூணு” என்றாள், அவர் சொல்வதற்கு முன்பே. பாட்டி என் கையைப் பிடித்தார். அடுத்த மூன்றுக்குப் பாதிப் பேர் முணுமுணுத்தார்கள்.

கம்பத்தை மூன்றாவது படப்பிடிப்பு அன்று பிடுங்க முடியவில்லை. அடியில் இருந்த பலகை சேற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் கழித்து வற்றத்தில் மண்வெட்டியோடு போனோம். பாக்சிக் வந்து, எனக்குக் கொடுத்துவிடுங்கள், படகு கட்ட ஆகும் என்றார். சேர்ந்து தோண்டி எடுத்து, அவர் காட்டிய இடத்தில் நட்டுக் கொடுத்தோம். கோடுகள் மேல் கறுப்பு அடித்துத் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், தண்ணீர் பார்க்க வசதி என்றார்.